சமுதாயக் கூடத்தில் சம்பா நடவு

கோயமுத்தூர்க்காரனுக்குத் தஞ்சாவூர் ஜில்லா வெளிநாடு. எங்கள் சிங்காநல்லூரில் தண்ணீர் என்றால் குடத்தில் இருக்கும். தெருக்குழாயில் முறை வைத்து வரும், வராத அன்று சண்டை வரும். இங்கே தண்ணீர் போகிற வழியெல்லாம் படுத்துக் கிடந்தது. திருக்காட்டுப்பள்ளி தாண்டி பஸ்ஸைவிட்டு இறங்கிய முதல் அடியிலேயே என் புது பூட்ஸின் இடது கால் சேற்றுக்குள் போனது. கால் மட்டும் திரும்பி வந்தது. பூட்ஸை எடுக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

"மண்ணு அப்படித்தான் தம்பி, புது ஆளுன்னா ஆசையாப் புடிச்சுக்கும்" என்றார் கண்டக்டர், விசில் ஊதுவதற்கு முன்னால். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அப்போது சென்னையில் கட்டடக்கலை கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம். சர்க்கார் கிராமந்தோறும் சமுதாயக் கூடம் கட்டித் தருவதாக எல்லா மேடையிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சில இடங்களில் கட்டியும் கொடுத்தார்கள். எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம்தான். நாலு சுவர், ஜன்னல்கள், முகப்பில் திறந்துவைத்தவர் பெயரை எழுத ஒரு கல். எங்கள் பேராசிரியர் யாரிடமோ பேசி, ஒரே ஒரு கூடத்தையாவது தன் மாணவன் வரையட்டும் என்று அனுமதி வாங்கிவிட்டார். அந்த மாணவன் நான். என் வேலை சுலபமானது: இடத்தைப் பார்ப்பது, அளப்பது, அங்குள்ள ஜனங்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று கவனிப்பது, ஒன்றிய அலுவலகத்து ஓவர்சியரிடம் அளவுக்குக் கையெழுத்து வாங்குவது. இரண்டே நாளில் திரும்பிவிடலாம் என்று விடுதியில் சொல்லிவிட்டு வந்தேன்.

ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் வருகிறவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நான் தங்கியது ஞானப்பிரகாசம் வாத்தியார் வீட்டில். அவருடைய அப்பா பண்ணையில் ஏர் ஓட்டியவர். மகன் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வாத்தியாராகி, விவசாயத் தொழிலாளர் தெருவின் கடைசியில் ஓட்டு வீடு கட்டியிருந்தார். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே செங்கொடிச் சங்கத்துக் காலண்டர். இரண்டுக்கும் அவர் வீட்டில் சண்டை இல்லை. தெரு முனையில் சங்கத்தின் சிவப்புக் கொடி, மெயின் ரோட்டில் ஆளுங்கட்சியின் கருப்பு சிவப்புக் கொடி, மிராசுதார் வீட்டு மாடியில் மட்டும் எந்தக் கொடியும் இல்லை. தேவைப்படவில்லை போலிருக்கிறது.

"இஞ்சினியர் வந்துட்டாரா?" என்று தெருவே எட்டிப் பார்த்தது. நான் இஞ்சினியர் இல்லை, கட்டடக்கலை மாணவன் என்று விளக்கினேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "சரிங்க இஞ்சினியர் தம்பி" என்றார்கள்.

இடத்தை அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன். தெருவுக்கும் ரோட்டுக்கும் நடுவே, வாய்க்காலை ஒட்டி ஒரு பொட்டல். புறம்போக்கு. நாலைந்து மாடுகள் நின்றன, ஓரத்தில் ஒரு கருவேலமரம். கிழக்கே மிராசுதாரின் வயல், நட்டு முடித்து மழைத்தண்ணீர் நின்றது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்ததால் டேப்பை எடுக்கவில்லை. நாளைக் காலையில் அளந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

அங்கேதான் அஞ்சலையைப் பார்த்தேன். நடவுக்குப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போகிறவர், நாற்பது வயதிருக்கும், பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. கூடம் எதற்கு வேண்டும் என்று கேட்டேன். கல்லூரியில் கேட்கச் சொல்லிக்கொடுத்த கேள்வி. கூட்டம், கலை நிகழ்ச்சி, முதியோர் கல்வி என்று பதில் வரும் என எதிர்பார்த்துப் பென்சிலைத் தீட்டி வைத்திருந்தேன்.

"என் பெரியவ கல்யாணம் ரோட்டுல நடந்துச்சு தம்பி" என்றார் அஞ்சலை. "வேற எடம் ஏது? ரோட்டுலதான் பந்தல். தாலி கட்டப் போற நேரம் பண்ணை வண்டி நெல்லேத்திக்கிட்டு வந்துச்சு. ஒதுங்குங்கன்னாங்க. பொண்ணு மாப்பிள்ளைய எழுப்பி ஓரமா நிறுத்துனோம். பந்தக்கால ரெண்டு புடுங்குனோம். வண்டி போனப்பறம் மறுபடி ஒக்கார வெச்சோம். ஐயரு கெடையாது, மந்திரம் கெடையாது, அதனால எங்க விட்டோம்னு யாரும் தேடல. ஆனா எம்மவ மொகத்த நான் பாத்தேன்."

பிறகு, "சின்னவ இருக்கா. அவளது ரோட்டுல நடக்கக் கூடாது" என்றார்.

ஊர் மண்டபம் ஒன்று கோயில் பக்கத்தில் இருந்தது. அதை இந்தத் தெருவுக்குக் கொடுப்பதில்லை. இதை யாரும் எனக்குத் தனியாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று இரவு பிடித்த மழை மறுநாளும் விடவில்லை, அதற்கடுத்த நாளும் விடவில்லை. எங்கள் ஊரில் மழை வந்தால் வெளியே வந்து பார்ப்போம். இங்கே மழையை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கோணிப்பையை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் வாத்தியார் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, அவர் மனைவி ஆரோக்கியமேரியம்மா கொண்டுவந்து வைத்ததையெல்லாம் தின்றுகொண்டிருந்தேன். காலையில் சோறு, மத்தியானம் சோறு, ராத்திரி சோறு. நடுவில் பசித்தால் சோறு வடித்த கஞ்சி. கம்பும் சோளமும் இவர்களுக்கு மாட்டுத் தீவனமாகத்தான் தெரியும் போல. ஒரு தோசைக்காக ஏங்கினேன். வயல் நண்டைத் தட்டிப் போட்டு ஒரு குழம்பு வைத்தார்கள். நண்டைச் சாப்பிடத் தெரியாமல் ஓட்டோடு கடித்து உதட்டைக் கிழித்துக்கொண்டேன். அந்தக் குழம்பைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை, தேடிப் பார்த்தேன்.

இரண்டாம் நாள் மழையில் பெண்கள் பாடுகிற சத்தம் கேட்டது. ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள், இடையிடையே குலவை. நான் அப்படியே சொக்கிப்போனேன். கூடத்தின் மேடையை மூலையில் வைத்து, கூரையைக் கொஞ்சம் தாழ்த்தினால் இந்தக் குரல்கள் எப்படிக் கேட்கும் என்று வரைந்து வரைந்து பார்த்தேன். நாட்டார் கலைக்குரிய அரங்கு என்று மேலே தலைப்புக்கூட எழுதினேன். வாத்தியார் அன்று பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்து, என் படத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை வெயில். டேப், முளைக்குச்சி, கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெரு திரும்பியதும் நின்றேன். வழி தவறிவிட்டதோ என்று திரும்பிப் போய் மறுபடி வந்தேன். கருவேலமரம் இருந்தது. வாய்க்கால் இருந்தது. பொட்டல் இல்லை. கரையோடு கரையாகத் தண்ணீர் கட்டி, உழுது, வரிசையாக நாற்று நட்டிருந்தார்கள். என் சமுதாயக் கூடம் பச்சைப் பசேலென்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

வாத்தியார் பின்னாலேயே வந்து நின்றார்.

"என்னங்க சார் இது?"

"சம்பா" என்றார்.

"சம்பாங்கறது தெரியுதுங்க. இங்க எதுக்குங்க நட்டாங்க?"

"நீங்க அளக்கக் கூடாதுல்ல தம்பி, அதுக்குத்தான்."

மிராசுதார் செய்த வேலை. மழை பெய்த இரண்டு நாளில் நாலு ஜோடி மாட்டை இறக்கி உழுது, நட்டும் முடித்துவிட்டார். புறம்போக்கு என்பது காகிதத்தில் இருக்கிறது. ஆனால் பயிர் நின்றால், கிராமக் கணக்குப்பிள்ளை வந்து பார்த்துப் பண்ணைச் சாகுபடி என்று அடங்கல் பதிவேட்டில் எழுதுவார். எழுதிவிட்டால் அப்புறம் ஜமாபந்தி, மனு, தாசில்தார், வாய்தா என்று சின்னவளுக்குப் பேரன் பிறக்கும் வரை இழுக்கலாம். அதற்குள் இந்த வருஷம் இந்த ஒன்றியத்துக்கு ஒதுக்கிய ஒரே கூடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற ஊருக்குப் போய்விடும்.

இதெல்லாம் அநியாயம், எனக்குப் புரிந்தது. எனக்குப் புரியாதது அடுத்து நடந்ததுதான். "யார் நட்டது?" என்று கேட்டேன். வாத்தியார் தெருப்பக்கம் பார்த்தார். அஞ்சலை வந்துகொண்டிருந்தார்.

"நாங்கதான்" என்றார்.

நான் கேட்டுச் சொக்கிப்போன பாட்டு அந்தப் பாட்டுதான். அவர்கள் தங்கள் கூடத்தின் மேலேயே நாற்று நட்டு, அதற்குக் குலவையும் போட்டிருக்கிறார்கள். நான் அதற்கு மேடை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"ஏனுங்க்கா, எந்த எடத்துல நடறோம்னு தெரியாமயா நட்டீங்க?"

"தெரியாம என்ன? எறங்கும்போதே தெரியும்."

"தெரிஞ்சும் நட்டீங்களா?"

"கூப்புட்டாங்க, போனோம். நடவு நாளையில வேலைக்கு வரமாட்டேன்னா, அறுப்புக்கு யாரு தம்பி கூப்புடுவா? எங்கள விட்டுட்டு வெளியூர் ஆள எறக்குவாங்க. அதுக்குத்தானே அவரும் காத்துக்கிட்டிருக்காரு?"

அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. சரி, நட்டாகிவிட்டது, இப்போது அளந்துவிடலாம் என்றேன். இரண்டு பேர் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நடந்தால் போதும். தெருவிலிருந்து பத்துப் பதினைந்து பேர் வந்து கரையில் நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. சங்கத்துச் செயலாளர் என்று ஒருவர் இருந்தார், மேடையில் மிராசுதார்களின் நாற்காலியைக் கவிழ்ப்பதாகப் பேசுகிறவர். அவரும் இறங்கவில்லை.

நானே இறங்கிவிட்டேன். டேப்பைக் கையில் பிடித்து, முழுக்கால் சட்டையோடு, விறுவிறுவென்று நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். பாம்பை மிதித்துவிட்டேனோ என்று நடுங்கிப்போய் நின்றேன்.

"பயிர்ல மிதிக்காதீங்க" என்றார் அஞ்சலை. கோபமாகத்தான் சொன்னார்.

"இது உங்க எடமுங்க."

"எடம் எங்களுது. பயிரு என்ன பண்ணுச்சு?"

செயலாளர் இறங்கி வந்தார். எனக்கு உதவுவதற்கு அல்ல. என் கையைப் பிடித்து, நான் வந்த தடத்திலேயே காலை வைக்கச் சொல்லி, திரும்பக் கூட்டிப்போய்க் கரையில் ஏற்றிவிட்டார். ஒரு பெண் இறங்கி, நான் சாய்த்த நாற்றுகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி ஊன்றினார். என் பூட்ஸ் இந்தத் தடவை திரும்பக் கிடைக்கவே இல்லை.

அன்று மத்தியானம் மிராசுதாரைப் பார்க்கப் போனேன். வழி காட்ட அஞ்சலை கூட வந்தார். பெரிய வாசல், இரண்டு பக்கமும் மரத் தூண்கள், மெழுகிப் போட்ட கோலம். "நீங்க முன்னால போங்க தம்பி, நான் கொல்லப்பக்கமா வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். எத்தனை தலைமுறை நடந்த வழியோ, சுவரோரம் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது.

மிராசுதார் அறுபதைத் தாண்டிய மனிதர். எதிர்பார்த்த மீசை இல்லை, அதட்டல் இல்லை. சேறு பூசிய என் சட்டையைப் பார்த்ததும் துண்டு கொண்டுவரச் சொன்னார். வெண்கல டம்ளரில் காபி வந்தது. அந்தக் காபியை நான் மறக்கவே போவதில்லை, அவரை மன்னிக்காமல் இருக்க அது எவ்வளவோ தடையாக இருந்தது.

"அது புறம்போக்குதான் தம்பி, யாரு இல்லேன்னா?" என்றார். "ஜனங்களுக்கு ஒரு கூடம் வேணும், நல்ல காரியம். இப்ப பயிர் நிக்கிது. தையில அறுத்துருவோம். அப்பறமா அளந்துக்குங்க."

"தைக்குள்ள கூடம் அக்கரைக்குப் போயிருங்க."

"அடடா" என்று வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தம் போலத்தான் இருந்தது. "பயிர அழிச்சிட்டா அளக்கப் போறீங்க? இந்த ஊர்ல பயிர்ல கை வெக்கிற ஆளு யாரும் கெடையாது. நானே சொன்னாலும் செய்ய மாட்டாங்க. அவ்வளவு நல்ல ஜனங்க."

அவருக்கு அந்த ஜனங்களை நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்களுடைய நல்ல குணத்தையே வேலியாகப் போட்டுவிட்டார். கடைசியாக, "என்னைக்காச்சும் கட்டுனா வாசல ரோட்டப் பாத்து வெச்சிராதீங்க. தெருப்பக்கம் பாத்து வைங்க, அவங்களுக்கும் அதான் சௌகரியம்" என்றார். ரோட்டைப் பார்த்து வாசல் வைத்தால் அவர் வண்டியில் போகும்போது அது அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்துக்குப் பயணம். பயணம் என்றா சொன்னேன்? பஸ் வந்ததே பெரிய விஷயம். வந்த பஸ் பாதி வழியில் நின்றது, நாங்கள் இறங்கித் தள்ளினோம். தள்ளிக் கிளம்பியதும் எங்களை ஏற்றாமல் ஒரு பர்லாங்கு போய் நின்றது. ஓடிப்போய் ஏறினோம். அடுத்த ஊரில் கட்சிக் கூட்டத்துக்காகச் சாலையை மறித்துப் பந்தல். நிலச் சீர்திருத்தத்தைப் பற்றி ஒருவர் ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தார். பந்தலைக் கழற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பஸ் வாய்க்கால் கரையோடு சாய்ந்து சாய்ந்து சுற்றிப் போனது. பக்கத்தில் இருந்தவர் மடியிலிருந்த கோழி என் மேல் ஏறி நின்றுகொண்டது. "பயப்புடுது தம்பி" என்றார். நானும்தான் என்றேன். பந்தல் கல்யாணத்துக்குப் போட்டால் வண்டிக்கு வழிவிட வேண்டும், கட்சிக்குப் போட்டால் பஸ் சுற்றிப் போக வேண்டும் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

ஓவர்சியர் நல்லவர், அதாவது கெட்டவர் இல்லை. "பயிர் நிக்கிற எடத்த நான் சமுதாயக் கூடம்னு கையெழுத்துப் போட முடியாதுங்க" என்றார். "நாளைக்கு அந்தப் பக்கம் வரேன். எடம் காலியா இருந்து, முளையடிச்சு அளந்து காமிச்சீங்கன்னா போட்டுத் தந்துர்றேன். இல்லேன்னா நேரா அக்கரைக்குப் போயிருவேன். எனக்கும் மேல கேக்குறாங்க." கணக்குப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். கும்பகோணத்தில் கல்யாணம் என்று போயிருக்கிறாராம், நாளை மறுநாள் வந்துவிடுவாராம்.

சாயங்காலம் வாத்தியார் வீட்டு முற்றத்தில் தெரு கூடியது. நான் சொன்ன யோசனைகள் ஒவ்வொன்றாகத் தள்ளுபடியாயின. அறுத்துப் போட்டுவிடலாம் என்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாட்டை அவிழ்த்துவிடலாம், தானாக மேய்ந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். "மாட்டுக்குமா பொய் சொல்லக் கத்துக் குடுக்கப் போறீங்க?" என்று ஒருவர் கேட்டார். செயலாளர், வயல் நடுவில் கொடி நட்டு உட்கார்ந்துவிடுவோம் என்றார். உட்கார்ந்தால் பயிர் நசுங்காதா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டதும் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்று பேசினேன். உங்களுக்காக நான் ஏன் மல்லுக்கட்ட வேண்டும், ஒரு அடி எடுத்து வைக்க மாட்டீர்களா, நீங்கள் நட்டது நெல் இல்லை, உங்கள் தலைவிதி, அது இதென்று கொட்டித் தீர்த்தேன். நான் முடித்ததும் ஆரோக்கியமேரியம்மா ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அஞ்சலை பேசினார்.

"வாத்தியாரே, அழிக்கத்தானே கூடாது?" என்றார். "எடுத்து வெக்கலாம்ல?"

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாக யோசித்து யோசித்துச் சொன்னார். அவசரத்தில் அரைகுறையாக உழுத மண், நாற்று இன்னும் வேர் பிடிக்கவில்லை. கிழக்கே பண்ணை வயலில் மழைத்தண்ணீர் நின்று அங்கங்கே பயிர் அழுகிப்போயிருக்கிறது. அழுகின இடத்தில் நாற்று வைத்து நிரப்புவது ஒவ்வொரு வருஷமும் அவர்கள் செய்கிற வேலை. இங்கே இருப்பதைப் பிடுங்கி அங்கே ஊன்றினால் மிராசுதாருடைய நாற்று அவருடைய வயலுக்கே போய்விடும்.

"கூப்புடாம போய் நடுறதா?" என்று ஒரு பெண் கேட்டார்.

"கூப்புட்டுத்தான் நட்டோம். எடந்தான் மாறிப்போச்சு. சரியான எடத்துல வெக்கிறோம்" என்றார் அஞ்சலை.

"அறுப்புக்குக் கூப்புடாம வுட்டுட்டா?"

அஞ்சலை தன் சின்னவளைப் பார்த்தார். அந்தப் பெண் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்திருந்தாள். "வுட்டா வுடட்டும்" என்றார் அஞ்சலை. அவர்கள் எதைப் பணயம் வைக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கத்தியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

விடிந்ததும் பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். நானும் இறங்கினேன். முதல் நாற்றைப் பிடுங்கியதும் அது பாதியில் அறுந்தது, என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். பிடுங்கி, வேரை அலசி, கைப்பிடி அளவு முடிகளாகக் கட்டி, வரப்பைத் தாண்டிக் கொண்டுபோய் அழுகின இடங்களில் ஊன்றினார்கள். இந்தத் தடவை பாட்டு இல்லை. வெயில் ஏற ஏற இங்கே பச்சை குறைந்து சேறு தெரிந்தது, அங்கே இடைவெளிகள் மூடின. ஆண்கள் வாய்க்கால் மடையை அடைத்துத் தண்ணீரை வடித்தார்கள். செயலாளர் தண்ணீர் இறைத்தார், பேச்சைவிட அது அவருக்கு நன்றாக வந்தது.

பிறகு அளந்தோம். அந்தச் சேற்றில் ஒரு நேர்கோடு போடுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். முளை நிற்கவில்லை, சாய்ந்தது. டேப் சேற்றில் வழுக்கியது. டேப்பை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் பிடித்துக்கொண்டே நகர்ந்தார்கள். மூலைக்கு மூலை சரிபார்த்தால் ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வந்தது. கடைசியில் நாலு முளையும் நின்று, முழங்கால் உயரத்தில் கயிறு கட்டி முடித்தபோது எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. ரோட்டைப் பார்த்த பக்கத்தில் கயிற்றை விட்டு ஓர் இடைவெளி வைத்தேன்.

அஞ்சலை வெளியே நின்று பார்த்தார். "வாசல் எங்க தம்பி?"

காட்டினேன்.

"ரோட்டப் பாத்தா?"

"ஆமாங்க்கா."

அவர் கயிற்றைத் தாண்டி ஒரே எட்டில் உள்ளே வந்திருக்கலாம். வரவில்லை. வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு, கயிற்றை ஒட்டியே சுற்றி நடந்து, நான் விட்ட இடைவெளி வழியாக உள்ளே வந்தார். கழுவிய கால் உடனே சேற்றில் புதைந்தது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. அவருக்குப் பின்னால் சின்னவள் வந்தாள். அப்புறம் மற்ற பெண்கள், ஒவ்வொருவராக, யாரும் சொல்லாமலே, அதே வழியில். வெற்றுச் சேற்றில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். கூரை எங்கே வரும் என்று ஒருத்தி கேட்டாள். கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். கிழக்கு வயலையும் இந்தச் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார். டேப்பைப் பிடித்து இரண்டு பக்கம் சரிபார்த்து, சைக்கிள் சீட்டின் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அப்போதுதான் ரோட்டில் வில்வண்டி வந்து நின்றது.

மிராசுதார் இறங்கினார். முதலில் பார்த்தது கிழக்கு வயலைத்தான். நடந்து போய், வரப்பில் நின்று, குனிந்து ஒரு நாற்றுக் குத்தைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நாற்றுகூட வீணாகவில்லை. திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று அவர் தேடியதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களை நோக்கி நேராக வந்தார். கயிற்றருகே வந்து, தாண்டுவதற்குக் காலைத் தூக்கினார்.

"ஐயா" என்றார் அஞ்சலை. குரலில் பணிவு குறையவில்லை. "வாசல் அந்தப் பக்கங்க."

அவருடைய கால் அப்படியே நின்றது. பெண்கள் அசையவில்லை. ஓவர்சியர் சைக்கிள் பெல்லைத் துடைக்க ஆரம்பித்தார். முழங்கால் உயரக் கயிறு. அதைத் தாண்டினால் யாரும் தடுக்க முடியாது, திரும்பிப் போனாலும் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். எனக்கு அவர் தாண்டிவிடுவார் என்றுதான் தோன்றியது. அவர் என்னைப் பார்த்தார், அஞ்சலையைப் பார்த்தார், காலைக் கீழே வைத்தார். பின்பு கயிற்றை ஒட்டியே, அந்தப் பெண்கள் நடந்த அதே சேற்றுத் தடத்தில், மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தார். இடைவெளிக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கி நின்றார். யாராவது கூப்பிட வேண்டும் என்பதுபோல நின்றார்.

நான் சென்னை திரும்ப வேண்டிய பஸ் ரோட்டில் எங்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. கைகாட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அஞ்சலை கையிலிருந்த சேற்றைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தலைப்பைச் சரிசெய்துகொண்டு, ஓரடி முன்னால் வந்தார்.

"வாங்க" என்றார்.